இன்ஜின் தகரத்தை மணல் பட்டறைக்கு அனுப்பாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காரின் இன்ஜின்மேல் இருக்கும் தகரப் பாகங்களுக்கு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால், அதை வீட்டிலேயே, கையாலேயே, பிரஷ்ஷாலேயே செய்யலாம். செய்யவும் வேண்டும். மணல் அடிக்கிற பட்டறைக்கும் பவுடர் கோட்டிங்குக்கும் குரோம் முலாமுக்கும் அனுப்ப வேண்டியதில்லை. காசு மிச்சம் என்பது அதற்குச் சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் தயவுசெய்து அதுவரை படியுங்கள்.

இந்தப் பேச்சு எங்கள் குடும்பக் குழுவில் ஆரம்பித்தது. எங்கள் அப்பா கொடை ரோடு ரயில் நிலையத்தில் டாக்சி ஓட்டியவர் என்பது உறவுகளுக்குத் தெரியும். 1976-இல் வாங்கிய அம்பாசிடர், மார்க் 3. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலையை எத்தனை ஆயிரம் தடவை ஏறி இறங்கியதோ, கணக்கில்லை. இப்போது என் தம்பி மகன் அதைச் சரிசெய்ய ஆசைப்படுகிறான். நல்ல ஆசை. தகரப் பாகங்களையெல்லாம் கழற்றிப் பட்டறையில் கொடுத்து, மணல் அடித்து, பவுடர் கோட்டிங் போட்டு, டேப்பட் கவருக்குக் குரோம் பூசப்போவதாகக் குழுவில் எழுதினான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஒருத்தி மட்டும் வேண்டாம் என்று எழுதினேன். "அத்தைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி வந்தது. அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்த பெண் நான். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காரின் ஏர் கிளீனர் டப்பாவுக்கும் டேப்பட் கவருக்கும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நானே பெயின்ட் அடித்தேன். அது நாலு மழைக்காலத்தைத் தாண்டி இன்னும் உரியாமல் இருக்கிறது. அதனால் பேசுகிறேன்.

முதலில் எந்தத் தகரம் என்று தெரிய வேண்டும். அம்பாசிடரில் அந்தக் காலத்தில் வந்தது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்ஜினின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. அதை மூடியிருப்பவை எல்லாம் அச்சில் அழுத்தி எடுத்த மெல்லிய எஃகுத் தகடுகள்: மேலே டேப்பட் கவர், பக்கவாட்டில் இரண்டு சின்ன மூடிகள், முன்பக்கம் டைமிங் கவர், அடியில் ஆயில் சேம்பர். அதோடு ஏர் கிளீனர் டப்பா, ஃபேன் இறக்கை. வார்ப்பிரும்பு துருப்பிடித்தாலும் தாங்கும், கனமான பொருள். தகடு அப்படியில்லை. ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள தகட்டில் துரு விழுந்தால் ஓட்டைதான். ஆகவே தகரத்துக்குப் பெயின்ட் அழகுக்காக அல்ல, ஆயுளுக்காக.

ஐந்தாம் வகுப்பில் நாம் செய்த ஆணிச் சோதனை ஞாபகம் இருக்கிறதா? மூன்று சோதனைக் குழாய்கள். ஒன்றில் காய்ந்த காற்று, ஒன்றில் கொதித்து ஆறிய நீரும் மேலே எண்ணெயும், ஒன்றில் சாதாரணத் தண்ணீர். மூன்றாவது குழாயில் இருந்த ஆணி மட்டும்தான் துருப்பிடித்தது. துருவுக்கு நீரும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தடுத்தால் போதும். பெயின்ட் செய்வது அந்தத் தடுப்பு வேலைதான். ஆனால் துருவின்மேல், எண்ணெய்ப் பிசுக்கின்மேல் பெயின்ட் அடித்தால் தடுப்பு தகட்டின்மேல் ஒட்டாது, அழுக்கின்மேல்தான் ஒட்டும். அழுக்கு உதிரும்போது பெயின்ட்டும் சேர்ந்து உதிரும். இந்த வேலையில் பத்தில் எட்டுப் பங்கு சுத்தம் செய்வது. மீதி இரண்டு பங்குதான் பெயின்ட்.

இப்போது செய்முறை. வரிசை முக்கியம், மாற்றாதீர்கள்.

கழற்றுவதற்கு முன்னால் இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். நட்டு, வாஷர், ரப்பர் எல்லாவற்றையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள். டேப்பட் கவரை எடுத்தவுடன் திறந்து கிடக்கும் இன்ஜினைச் சுத்தமான துணியால் மூடுங்கள். ஒரு சின்ன வாஷர் உள்ளே விழுந்தால் அதை எடுக்கப் படும் பாடு பெரிது.

அடுத்து எண்ணெய்ப் பிசுக்கு. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோலில் கழுவுவது நம் ஊர் வழக்கம். அதை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; தரையோடு ஊர்ந்து போகும். பத்தடி தள்ளிச் சமையலறையில் அடுப்பு எரிந்தால் அது நெருப்பைத் திரும்பக் கொண்டுவரும். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள், தோல் வழியாகவும் ஏறும். மண்ணெண்ணெயும் எரிகிற பொருள்தான், ஆனால் சாதாரண வெயிலில் அவ்வளவு சுலபமாகப் பற்றாது. வெளித் திண்ணையில், கையுறை போட்டுச் செய்யுங்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும். தகட்டில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாக வழிந்தால் பிசுக்கு போய்விட்டது என்று அர்த்தம். கழுவிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுங்கள்.

பழைய பெயின்ட்டை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலப் பெயின்ட்டிலும் பிரைமரிலும் ஈயம் இருந்திருக்கலாம். இந்தியாவில் 2016-இல் ஈயத்துக்கு வரம்பு வைத்து விதி வந்தது, 90 பி.பி.எம்.; 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த விதி வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பயன்படும் பெயின்ட்டுக்குத்தான். நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன் ஓர் இன்ஜினில் அடித்த பெயின்ட்டுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஈரமாகவே தேயுங்கள். கீழே பழைய செய்தித்தாள் விரித்துச் சகதியோடு சுருட்டிக் குப்பைக்குத் தனியாகக் கட்டிப் போடுங்கள். பேரன் பேத்தி தவழும் இடத்தில் இந்த வேலை கூடாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் உலோகம் ஈயம்.

கடையில் பெயின்ட் ரிமூவர் என்று ஒரு திரவம் கிடைக்கும். தடவினால் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி வரும், பார்க்க மாயம்போல இருக்கும். அவற்றில் பலவற்றில் இருப்பது டைகுளோரோமீத்தேன். மூடிய அறையில் அதன் ஆவியால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019-இல் பொதுமக்களுக்குப் பெயின்ட் ரிமூவராக அதை விற்கத் தடை விதித்தார்கள். டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள். ஒரு டேப்பட் கவரைக் கையால் தேய்த்து முடிக்க இரண்டு மாலைப்பொழுது ஆகும். ஆகட்டுமே.

துருவுக்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தவர்களுக்குப் புளிப்பின் சக்தி தெரியும். நான் பயன்படுத்துவது சிட்ரிக் ஆசிட் பொடி. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 50 கிராம். பாகத்தை அதில் மூழ்கவைத்து, மணிக்கு ஒரு தடவை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துரு போனதும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலில் காயவையுங்கள். தாமதித்தால் பத்து நிமிஷத்தில் மஞ்சள் துரு மறுபடி படரும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிற வேலை வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் குளோரைடு தகட்டின் குழிகளில் தங்கிவிட்டால் பெயின்ட்டுக்கு அடியிலேயே துரு வளரும். அதன் புகை பக்கத்தில் இருக்கும் ஸ்பேனரையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும்.

பெயின்ட்டுக்கு முன் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. பட்டறைக்காரர் இதைப் பார்க்க மாட்டார். ஆயில் ஒழுகுகிறது என்று எல்லோரும் நட்டை இன்னும் இறுக்குவார்கள். பக்கவாட்டு மூடிகள் ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு போல்ட் பிடித்திருக்கிறது. அதை அதிகமாக இறுக்கினால் தகடு நடுவில் குழிந்து, ஓரம் தூக்கிக்கொண்டு, முன்னைவிட அதிகம் ஒழுகும். ஆயில் சேம்பரின் விளிம்பில் ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் தகடு மேடாகியிருக்கும். கிரானைட் பலகையிலோ கனமான கண்ணாடியிலோ விளிம்பை வைத்து, எங்கே இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். ஒரு மரக்கட்டையை அடியில் கொடுத்துச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் சமமாகிவிடும். இது பெயின்ட் வேலை அல்ல என்று தள்ளாதீர்கள். ஒழுகுகிற மூடிக்கு எந்தப் பெயின்ட்டும் நிற்காது. இதற்குப் பட்டி பூசியும் மறைக்காதீர்கள். சூடு, அதிர்வு, எண்ணெய் மூன்றும் சேரும் இடத்தில் பட்டி வெடித்துவிடும்.

இனி பெயின்ட். பழைய நிறம் எது என்று தெரிய வேண்டுமானால் கிளிப்புக்கு அடியிலும் வாஷருக்கு அடியிலும் பாருங்கள். வெயிலும் எண்ணெயும் படாத அந்த வட்டத்தில் முதல் நிறம் அப்படியே இருக்கும். அதை மொபைலில் படம் எடுக்காதீர்கள், படத்தில் நிறம் மாறும். பாகத்தையே கடைக்கு எடுத்துப் போங்கள்.

600 டிகிரி தாங்கும் பெயின்ட் என்று விலை கூடிய டப்பாவைக் கடைக்காரர் நீட்டுவார். அது புகைபோக்கிக் குழாய்க்கு. டேப்பட் கவரின் சூடு உள்ளே ஓடும் ஆயிலின் சூட்டை ஒட்டியது, ஏறக்குறைய 100 டிகிரி. அந்த 600 டிகிரி பெயின்ட்டில் பல வகைகள் அதிகச் சூட்டில் வெந்தால்தான் இறுகும். டேப்பட் கவரில் அந்தச் சூடு கிடைக்காது, பெயின்ட் மெத்தென்றே இருக்கும், ஒரு துளி பெட்ரோல் பட்டால் கரையும். விலை அதிகமானது எல்லா இடத்துக்கும் நல்லதாகிவிடாது. இரும்புக்கான பிரைமர் இரண்டு மெல்லிய பூச்சு, அதன்மேல் இன்ஜினுக்கென்று விற்கும் எனாமலோ, நல்ல கம்பெனியின் சிந்தெடிக் எனாமலோ இரண்டு மெல்லிய பூச்சு. மெல்லிய என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் கனமாக அடித்தால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் ஒரு நாள் விடுங்கள். முடிந்த பிறகு ஒரு வாரம் தொடாதீர்கள்.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் அடிப்பது நல்லது. உச்சி வெயிலில் தகடு கொதிக்கும். பெயின்ட் பரவுவதற்குள் தின்னர் ஆவியாகிக் கொப்புளம் போடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். காற்றின் ஈரம் பூச்சின்மேல் படிந்து பளபளப்பைக் கெடுத்துவிடும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

எங்கே அடிக்கக் கூடாது என்பதும் பாடம்தான். மூடிகளின் உள்பக்கம் அடிக்காதீர்கள். சூடான ஆயிலில் அது உரிந்து, செதில் செதிலாகச் சேம்பருக்குப் போய், ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். பேக்கிங் உட்காரும் விளிம்பிலும் வேண்டாம். ரேடியேட்டரின் மெல்லிய இதழ்களில் கனமாகப் பெயின்ட் ஏற்றினால் சூடு வெளியேறுவது குறையும்.

டூ-கே என்று இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பெயின்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடிபோலப் பளபளக்கும், மறுக்கவில்லை. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. பெயின்டர்களுக்கு ஆஸ்துமா வருவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அது. ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சு முட்டும். கொரோனாவுக்குக் கட்டிய துணி மாஸ்க்கால் அதைத் தடுக்க முடியாது. வெளியிலிருந்து தனிக் குழாயில் காற்று வரும் முகமூடி வேண்டும். அது உங்கள் வீட்டில் இல்லை, எங்கள் வீட்டிலும் இல்லை. ஆகவே அது வீட்டுப் பெயின்ட் அல்ல. பிரஷ் போதும். பிரஷ் கோடு தெரியுமே என்றால், தெரியட்டும். பானெட்டைத் திறந்து பார்க்கிறவர் எத்தனை பேர்?

இப்போது பட்டறைப் பக்கத்தின் வாதத்துக்கு வருகிறேன். எதிர்த் தரப்பைக் கேட்காமல் தீர்ப்பு சொல்வது டீச்சருக்கு அழகல்ல. பவுடர் கோட்டிங் உறுதியானது என்பது உண்மை. சக்கரத்துக்கும் கேட்டுக்கும் நாற்காலிக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அதைச் சுமார் 200 டிகிரியில் அடுப்பில் வேகவைப்பார்கள். நாற்பது வருஷம் ஆயில் குடித்த தகட்டின் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் எண்ணெய் அந்தச் சூட்டில் வெளியே கசியும், பூச்சு அங்கே கொப்பளிக்கும். கல் பட்டு ஒரு இடத்தில் உடைந்தால் ஈரம் அதற்கு அடியில் ஊர்ந்து போகும். வீட்டில் அதைத் திருத்த வழியில்லை. எனாமல் உடைந்தால் ஒரு துளி பெயின்ட்டும் சின்ன பிரஷ்ஷும் போதும்.

மணல் அடிப்பது வேகமானது என்பதும் உண்மை. நான் இரண்டு மாலை தேய்த்ததை அவர்கள் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் மெல்லிய தகடு அந்த வேகத்தில் நெளியும். அதைவிட மோசம், மணல் உள்ளே தங்குவது. டேப்பட் பக்க மூடியில் காற்றுப் போக ஒரு குழாய் இருக்கிறது, சந்துபொந்துகள் இருக்கின்றன. எவ்வளவு ஊதினாலும் நாலு மணல் துகள் எங்காவது ஒட்டியிருக்கும். சூடான ஆயில் அதைக் கழுவிக் கீழே கொண்டுபோகும். மணல் என்பது குவார்ட்ஸ். இன்ஜின் பேரிங்கின் உலோகம் மிக மென்மையானது. அந்தத் துகள் பேரிங்கில் பதிந்து உட்கார்ந்துகொண்டு கிராங்கைக் கீறிக்கொண்டே இருக்கும். தகரத்தை அழகாக்கப் போய் இன்ஜினைக் கெடுப்பது எந்த ஊர் நியாயம்?

குரோம் பற்றி ஒரே வரி. எங்கள் அப்பாவின் டாக்சிக்குக் குரோம் டேப்பட் கவர் கிடையாது. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷத்தைத் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் எதுவும் மாற்றப்படாமல், முதலில் வந்த வடிவத்திலேயே பராமரிக்கப்பட்டால்தான் அந்தப் பதிவு. அந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். தகரத்தின் நிறத்தை அந்த விதி கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதன் எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. பழையதைப் பழையதாகவே காப்பாற்று என்கிறது. 2014-இல் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோன பிறகு இருப்பதுதான் இருக்கிறது.

இப்போது பெரிய காரணம்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன். பெயர் வேண்டாம், உங்களில் சிலருக்குத் தெரியும். வாய்ப்பாடு பதினாறு வரை தடங்கலில்லாமல் சொல்லுவான். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு வெளியூரில் ஒரு மணல் அடிக்கும் பட்டறைக்கு வேலைக்குப் போனான். அது எந்த ஊர், யார் பட்டறை என்பது இங்கே அவசியமில்லை. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு, ஆற்று மணலைக் காற்றழுத்தத்தில் இரும்பின்மேல் பீய்ச்சுகிற வேலை. ஏழு வருஷம். பிறகு இருமல். முதலில் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகுதான் சிலிக்கோசிஸ் என்றார்கள். அவனை நான் கடைசியாகப் பார்த்தபோது எங்கள் வீட்டு வாசலில் உள்ள நாலு படி ஏற, இரண்டு தடவை நின்றான். வயது முப்பத்தொன்று. வந்தவன் தன் மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று கேட்டான்.

மணல் இரும்பில் மோதும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாக உடைகிறது. அந்தத் தூள் நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய்விடும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அதைச் சுற்றித் தழும்பு வளரும். தழும்பு மூச்சு விடாது. வேலையை நிறுத்தினாலும் நோய் நிற்காமல் வளரலாம். குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் வரும் வாய்ப்பும் கூடும். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இங்கிலாந்தில் 1949-லேயே விதி போட்டு, வார்ப்படங்களைச் சுத்தம் செய்ய மணலைப் பயன்படுத்துவதைத் தடுத்துவிட்டார்கள். துருக்கியில் ஜீன்ஸ் துணியைப் பழசுபோலக் காட்டுவதற்காக மணல் அடித்த இளைஞர்களுக்குச் சிலிக்கோசிஸ் வந்து, 2009-இல் அந்த நாடு அதைத் தடை செய்தது. நம் நாட்டுத் தொழிலாளர் சட்டத்திலும் சிலிக்கோசிஸ் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் நாலு பேர் வேலை செய்யும் தகரக் கொட்டகையை எந்தப் பட்டியல் எட்டிப் பார்க்கிறது?

எல்லாப் பட்டறையும் அப்படியில்லை என்று என் மாணவர்களில் இன்ஜினியர்கள் சொல்வார்கள். சரி. மூடிய பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை நுழைத்து, கண்ணாடி மணியோ கார்னெட்டோ போட்டு, தூசியை உறிஞ்சி வைத்து வேலை செய்யும் இடங்கள் இருக்கின்றன. கனமான சேசிஸை வீட்டில் தேய்க்க முடியாது, அதற்கு அப்படி ஓர் இடத்தைத் தேடிப் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் போய்க் கேளுங்கள். என்ன போட்டு அடிக்கிறீர்கள்? அடிக்கிறவர் முகத்தில் என்ன மாட்டியிருக்கிறார்? தூசி எங்கே போகிறது? திறந்த வெளியில் ஆற்று மணலும் முகத்தில் துண்டும்தான் என்றால் கொடுத்த பாகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கொஞ்சம் சங்கடமாக இருக்கும். பரவாயில்லை. வாடிக்கையாளர் கேட்காத வரை எந்த முதலாளியும் மாற மாட்டார்.

"நான் ஒருத்தன் கொடுக்காவிட்டால் அவர்கள் பிழைப்பு போய்விடாதா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பிழைப்பு அவர்களை எத்தனை வயது வரை பிழைக்க விடும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பொழுதுபோக்குக்காக வைத்திருக்கும் ஒரு காரின் மூடி சீக்கிரம் பளபளக்க வேண்டும் என்பதற்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையின் நெஞ்சில் மணல் சேரக் கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு. உயிருக்கும் பிழைப்புக்கும் வேண்டிய வேலை என்றால் வேறு விதமாக யோசிக்கலாம். ஒரு டேப்பட் கவருக்கு அந்த அவசரம் இல்லை. நமக்கு இரண்டு மாலைப்பொழுது இருக்கிறது.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தபோது கைத்தொழில் ஒரு பாடமாக இருந்தது. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் மிச்சம் அது. நூல் நூற்றோம், அட்டை வேலை செய்தோம். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. அதில் நான் கற்றது நூற்பு அல்ல. ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரத்தில் உடம்பு எங்கே வலிக்கிறது என்பதைக் கற்றேன். அதைக் கையால் செய்து பார்த்தவர்கள் அடுத்தவரின் வேலைக்கு விலை பேசும்போது கொஞ்சம் யோசிப்பார்கள். என் பேத்தி ஏர் கிளீனர் டப்பாவுக்கு இரண்டாவது பூச்சு அடித்தபோது, ஒரு இடத்தில் வழிந்துவிட்டது. தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாமா என்று அவளே கேட்டாள். மறுநாள் அடித்தாள். செல்போனில் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பொறுமை அல்ல அது.

பிரைமர், எனாமல், வாட்டர் பேப்பர், பிரஷ், சிட்ரிக் ஆசிட், கையுறை எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. புது கார்க் பேக்கிங் தனி.

இந்த விஷயத்தில் வேறு அனுபவம் உள்ளவர்கள், முக்கியமாகப் பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்கள், கீழே எழுதுங்கள். கோபமாக எழுதினாலும் படிப்பேன். உங்கள் பட்டறையில் மணலை நிறுத்திவிட்டு வேறு முறைக்கு மாறியிருந்தால் கட்டாயம் எழுதுங்கள், எந்த ஊர் என்று சொல்லுங்கள். சேசிஸ் வேலை உள்ளவர்களை உங்களிடம் அனுப்பி வைக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் பழைய பழக்கத்தில் திருத்துவேன், கோபிக்கக் கூடாது.